உதிர்ந்த கேக்கும் உருண்டைப் பலகாரமும்



சமையற்கட்டைப் பற்றிப் பங்குச் சாமியார் எழுதப் புகுந்துவிட்டாரே என்று நகைப்பவர் சிலர் இருக்கக்கூடும். நகைக்கட்டும். திருவருகைக் காலம் பிறந்துவிட்டால், சிட்லபாக்கத்துத் தெருக்களில் வீடு சந்திக்கச் செல்லும்போதெல்லாம் என் காதில் விழும் கவலைகள் மூன்று. பிள்ளைகளின் அரையாண்டுத் தேர்வு ஒன்று. வீட்டுக் கடனின் மாதத் தவணை மற்றொன்று. மூன்றாவது, "கேக் சரியாக வரவில்லை, சாமி" என்பது. முதலிரண்டுக்கும் செபத்தைத் தவிர வேறு மருந்து என்னிடம் இல்லை. மூன்றாவதற்கு உண்டு. அதைப் பற்றியே இம்மாதம் எழுதுகிறேன்.

கேக் நம் முன்னோர் அறிந்த பண்டம் அன்று. நாகர்கோவில், திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கங்களிலிருந்து பிழைப்பை நாடி இப்புறநகர்களில் வந்து குடியேறிய குடும்பங்கள் நம்மிடையே பல. அவர்களுடைய பாட்டிமார்க்குக் கிறிஸ்து பிறப்பு விழா என்றால் முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, அதிரசம் இவையே. பரங்கிமலையிலும் பெரம்பூரிலும் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களோ கல்கல்லும், ரோஸ் குக்கி என்று அவர்கள் பெயரிட்ட அதே அச்சுமுறுக்கும், பழங்கள் ஊறிய கேக்கும் செய்தன. அங்கிருந்தும், ஊர்தோறும் தோன்றிய ரொட்டிக்கடைகளிலிருந்தும் கேக் மெல்ல மெல்ல நம் இல்லங்களுக்குள் நுழைந்தது.

அது நம் நாட்டில் வேரூன்றிய கதையும் சுவையானதே. அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த மலபாரின் தலைச்சேரியில் மம்பள்ளி பாப்பு என்பவர் ரொட்டிக்கடை நடத்தி வந்தார். அஞ்சரக்கண்டிப் பட்டைத் தோட்டத்தின் உரிமையாளரான மர்டாக் பிரௌன் என்னும் வெள்ளையர், 1883 ஆம் ஆண்டில், இங்கிலாந்திலிருந்து வந்த பிளம் கேக் ஒன்றை அவரிடம் காட்டி, இதுபோல் செய்ய இயலுமா என்று கேட்டாராம். பாப்பு உள்ளூர்க் கருமானிடம் அச்சு வார்ப்பித்தார். பிரெஞ்சுப் பிராந்திக்கு மாற்றாக முந்திரிப்பழத்தையும் கதலிப்பழத்தையும் கொண்டு வடித்த உள்ளூர்ச் சரக்கைச் சேர்த்தார். துரை சுவைத்துப் பார்த்து இன்னும் ஒரு டஜன் வேண்டும் என்றார் என்பர். சரக்கைப் பற்றி நான் இங்கே ஒன்றும் கூறப்போவதில்லை. கையில் இருப்பதைக் கொண்டு ஆக வேண்டியதைச் செய்துகொள்ளும் அந்த மனப்பாங்குதான் நான் சொல்ல வந்த செய்திக்கு வேண்டியது.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் எத்தனை வீடுகளில் கேக் சுடும் அடுப்பு இருந்தது? மாவைக் கலந்து தகரத் தட்டில் ஊற்றி, துணியால் மூடி, ரொட்டிக்கடைக்காரரிடம் கொடுத்துச் சுட்டு வாங்கினார்கள். அல்லது குக்கரின் அடியில் மணலோ உப்போ பரப்பி, மூடியிலிருந்து ரப்பர் வளையத்தையும் குண்டையும் கழற்றிவிட்டு, உள்ளே தட்டை வைத்துச் சிறு தீயில் வேகவிட்டார்கள். மணல் முறையில் கேக் சற்றுக் கருகும். ஆயினும் மின்சாரம் போய்விடுமோ என்ற அச்சம் இல்லை. இன்றோ திருமணச் சீர்வரிசையிலேயே மின் ஓவன் வந்துவிடுகிறது. அதனோடு கூடவே, கேக் எழும்பாவிட்டால் மானம் போயிற்று என்ற எண்ணமும் வந்துவிடுகிறது. ரசம் நீர்த்துப்போனால் எந்தப் பெண்ணும் அழுவதில்லை. கேக் அமிழ்ந்ததற்காக அழுத பெண்களை நான் கண்டிருக்கிறேன்.

கேக் ஏன் அமிழ்கிறது? மாவுக்குள் சோடா உப்பும் அடித்த முட்டையும் உண்டாக்கிய காற்றுக் குமிழிகள் சூட்டில் விரிகின்றன, கேக் எழும்புகிறது. எழும்பியது நிலைத்து நிற்க வேண்டுமானால் குமிழிகளைச் சுற்றியுள்ள சுவர் இறுக வேண்டும். மாவிலுள்ள மாச்சத்து நீரை உறிஞ்சி வெந்து, முட்டையின் புரதம் கெட்டிப்பட்ட பிறகே அது நிகழும். அதற்கு முன்பே சூடு தணிந்தால், சுவர் காயுமுன் முட்டுக்கழியை எடுத்துவிட்ட கூரையைப் போலக் கேக் நடுவில் குழிந்துவிடும். ஆவல் மிகுதியால் பாதியில் ஓவன் கதவைத் திறந்து பார்ப்பவர்களுக்கு நேர்வது இதுதான். பேக்கிங் பவுடர் அளவுக்கு மிஞ்சினாலும் குமிழிகள் விரைவில் பெரிதாகி உடைந்துபோகும். பழைய பேக்கிங் பவுடரோ எழுப்பவே எழுப்பாது. ஒரு தேக்கரண்டி எடுத்துச் சுடுநீரில் இட்டுப் பாருங்கள், நுரைத்துப் பொங்கவில்லையென்றால் அந்த டப்பாவுக்கு விடை கொடுத்துவிடலாம். மாவைச் சேர்த்தபின் நெடுநேரம் அடித்தால் கேக் எழும்பினாலும் ரப்பரைப் போல இழுபடும். இவையெல்லாம் கைத்தவறுகள், பழகினால் நீங்கிவிடும். ஆனால் நம் பகுதியில் டிசம்பர் மாதம் புயலின் மாதமுமாயிற்றே! அதற்கு யார் என்ன செய்ய முடியும்?

2016 ஆம் ஆண்டு டிசம்பர் 12 அன்று வர்தா புயல் நம் மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்தது. 2023 இல் மிக்ஜாம் புயல் வந்தது. அந்த ஆண்டு திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு டிசம்பர் 3. அன்று மாலை தொடங்கிய பெருமழை மறுநாள் முழுவதும் ஓயவில்லை. தாம்பரம், முடிச்சூர், வரதராசபுரம் எங்கும் வெள்ளம். சிட்லபாக்கத்திலும் தாழ்ந்த தெருக்களில் நீர் புகுந்தது. அந்த ஞாயிறு மாலையில் எம் பங்கில் ஓர் இல்லத்தில் நிகழ்ந்ததை, அவ்வில்லத்தின் மூத்த அம்மையார் அனுமதித்ததால் இங்கே கூறுகிறேன். பெயர் வேண்டாம் என்றார்கள், அவ்வாறே ஆகட்டும்.

மருமகளுக்கு அது புகுந்த வீட்டில் முதல் கிறிஸ்து பிறப்பு விழா. சானடோரியத்தில் ஏற்றுமதி வளாகத்துத் தொழிற்கூடம் ஒன்றில் வேலை. முதன்முதலாகக் கிடைத்த ஊக்கத்தொகையில் உலர்ந்த திராட்சையும் முந்திரியும் பேரீச்சையும் வாங்கி, ஆரஞ்சுச் சாற்றில் பத்து நாள் ஊறவைத்திருந்தார். பிளம் கேக்கை மூன்று வாரம் முன்னதாகவே செய்துவைத்தால் விழாவன்று நன்கு ஊறிச் சுவைக்கும் என்பது உண்மையே. திருப்பலி முடிந்து வந்து, மாவைக் கலந்து, மாலையில் இரண்டு தட்டுகளை ஓவனில் வைத்தார். அரைமணி நேரம்கூட ஆகவில்லை, மின்சாரம் நின்றது. சிறிது நேரத்தில் வந்துவிடும் என்று காத்திருந்தார்கள். வரவில்லை. அவர்கள் தெருவில் மூன்றாம் நாள்தான் வந்தது.

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கதவைத் திறந்தபோது, ஓரம் வெந்தும் நடுப்பகுதி களியைப் போலவும் இரண்டு கேக்குகளும் குழிந்து கிடந்தன. வாய்விட்டு அழ வெட்கம், அழாமலிருக்கவும் முடியவில்லை. போதாக்குறைக்கு மைத்துனன் ஒருவன், "கடையில் ஒரு கிலோ வாங்கியிருந்தால் தீர்ந்தது" என்று சொல்லிவைத்தான். இவ்வாறு சொல்வதற்கென்றே ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் இருப்பார் போலும்.

அத்தையார் நாகர்கோவில் பக்கத்துக்காரர். கேக்கில் அவருக்கு என்றுமே பற்று இருந்ததில்லை. மருமகள் கேக் செய்யப் போகிறாள் என்றபோது முகத்தைச் சுளித்தவரும் அவரே. அன்றிரவு அவர் சொன்னதை அவர் வாய்மொழியிலேயே தருகிறேன்: "அழுதா கேக்கு எழும்பவா போவுது? அந்தத் தட்டை இங்கே எடு, மக்கா." பிறகு, வெந்த ஓரத்தைத் தனியாகவும் வேகாத நடுப்பகுதியைத் தனியாகவும் பிரித்தார். வேகாததைச் சிறு துண்டங்களாக்கி இட்லிக் கொப்பரையில் வைத்து எரிவாயு அடுப்பில் நன்றாக அவித்தார். பின்னர் இரும்புச் சட்டியில் இட்டு ஈரம் போகும்வரை புரட்டினார். ஆறியபின் எல்லாவற்றையும் உதிர்த்து, இரண்டு கரண்டி பழப்பாகு சேர்த்துப் பிசைந்து, முந்திரிக்கொத்துக்கு உருட்டும் அளவில் உருட்டத் தொடங்கினார். சாக்லேட் இல்லை, அந்த மழையில் எந்தக் கடை திறந்திருக்கும்? பொட்டுக்கடலையை உரலில் இடித்துச் சலித்த மாவில் உருண்டைகளைப் புரட்டி எடுத்தார். மருமகள் பக்கத்தில் அமர்ந்து உருட்டினார். ஐம்பத்து நான்கு உருண்டைகள் என்று கணக்கும் சொன்னார்கள். மழை விட்டதும் செவ்வாயன்று, இருளிலும் ஈரத்திலும் கிடந்த அண்டை வீடுகளுக்கு அவை சென்றன. அந்த வீட்டில் அத்தையும் மருமகளும் சேர்ந்து ஒரு வேலையைச் செய்தது அதுவே முதல் தடவை என்று மகன் என்னிடம் தனியாகச் சொன்னார். கேக் சரியாக வெந்திருந்தால் அது நிகழ்ந்திருக்குமா என்பது எனக்கு ஐயமே.

அந்த அம்மையார் தாம் என்ன செய்தோம் என்று அறியாமலே செய்த பண்டத்துக்கு மேல்நாட்டில் பெரிய பெயர் உண்டு. கேக் பாப் என்கிறார்கள். உதிர்த்த கேக்கைக் கிரீமுடன் பிசைந்து உருட்டி, குச்சி செருகி, சாக்லேட்டில் தோய்த்து எடுப்பது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த ஆஞ்சி டட்லி என்னும் பெண்மணி 2008 இல் இதைச் செய்து காட்ட, அது நாடெங்கும் பரவியது; 2010 இல் அவர் எழுதிய நூலும் வெளிவந்தது. குச்சிதான் புதிது, உருண்டை பழையது. டென்மார்க்கின் ரொட்டிக்கடைகளில் மீந்த பலகாரங்களைப் பிசைந்து, கொக்கோவும் ரம் மணமும் சேர்த்து உருட்டி, தேங்காய்த் துருவலில் புரட்டி விற்பது நெடுநாளைய வழக்கம். ஸ்வீடனில் இதுபோன்ற ஒரு பலகாரத்துக்குத் தூசி உறிஞ்சும் எந்திரத்தின் பெயரையே கேலியாகச் சூட்டியிருக்கிறார்கள். கடையின் அன்றன்றையத் துணுக்குகளையெல்லாம் அள்ளிச் செய்வதாம். நம் அடுக்களைகளிலும் மீந்த இட்லி உப்புமாவாகிறது. மீந்த சோறு வடகமாகிறது. ஆகவே கேக்கை உருட்டுவதில் வெட்கப்பட ஏதுமில்லை. ரவையையும் பயற்றுமாவையும் உருட்டத் தெரிந்த கைகளுக்கு இது ஒரு பொருட்டா?

அப்பம் பலுகிய நிகழ்ச்சியை நான்கு நற்செய்தியாளர்களும் எழுதினர். பன்னிரண்டு கூடைகள் நிறைந்ததை நால்வரும் குறித்தனர். ஆயினும், மீந்த துண்டுகள் வீணாகாதபடி சேர்த்து வைக்குமாறு ஆண்டவரே கட்டளையிட்டார் என்பதை யோவான் ஒருவரே எழுதி வைத்தார். ஐயாயிரம் பேருக்கு அப்பத்தைப் பெருக்க வல்லவருக்குத் துணுக்குகள் எதற்கு? குருமடத்தில் இக்கேள்வியை எழுப்பிப் பல நாள் வாதிட்டிருக்கிறோம். அவர் பிறந்த பெத்லகேமின் பெயருக்கே அப்பத்தின் வீடு என்று பொருள். அவ்வூர் வயல்களில்தான், அறுவடைக்காரர் விட்டுச் சென்ற கதிர்களைப் பொறுக்கிப் பிழைத்தார் ரூத்து, தாவீதின் கொள்ளுப்பாட்டி. இன்றைய நிலையையும் பாருங்கள்: 2022 ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 105 கோடி டன் உணவு வீணாயிற்று என்றும், அதில் பத்தில் ஆறு பங்கு வீடுகளில் வீணானது என்றும் ஐக்கிய நாடுகள் அவையின் சுற்றுச்சூழல் திட்டம் கணக்கிட்டுள்ளது. உணவகங்களையும் திருமண மண்டபங்களையும் குறைசொல்லப் பழகிய நமக்கு இக்கணக்கு சற்று உறுத்தவே செய்யும்.

இனிச் செய்முறைக்கு வருவோம். இதை நான் சொந்தமாகக் கண்டுபிடிக்கவில்லை. பங்கின் அன்னையர் பலர் செய்து பார்த்துச் சொன்னவற்றைத் தொகுத்துத் தருகிறேன்.

உதிர்த்த கேக் 500 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கருகிய மேற்புறத்தையும் காய்ந்து கல்லான ஓரத்தையும் முதலில் சீவி நீக்கிவிடுங்கள். கசப்பை எந்தச் சர்க்கரையும் மறைக்காது. எஞ்சியதைக் கட்டியின்றி விரலால் உதிர்க்க வேண்டும். மிக்ஸியில் இட்டால் ஒரு சுற்றுக்கு மேல் ஓடவிடாதீர்கள், கூழாகிவிடும். சாதாரண வெண்ணெய்க் கேக்கானால், 50 கிராம் வெண்ணெயையும் 100 கிராம் பொடித்த சர்க்கரையையும் குழைத்து வைத்துக்கொண்டு, அதில் பாதியை மட்டும் முதலில் சேர்த்துப் பிசையுங்கள். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் பிடிகொழுக்கட்டை போல் நிற்க வேண்டும்; விரலில் நெய் வடியக்கூடாது. நிற்காவிட்டால் மீதியைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். பலர் வழுக்குவது இவ்விடத்தில்தான். கிரீம் மிகுந்தால் உருண்டை கனத்துக் குச்சியிலிருந்து நழுவி விழும். வெண்ணெய்க்குப் பதிலாக மூன்று நான்கு மேசைக்கரண்டி கெட்டியாக்கிய இனிப்புப் பாலோ பழப்பாகோ சேர்ப்போரும் உண்டு. கேக்கே தித்திப்பாக இருந்தால் அதுவே நலம். பிளம் கேக்குக்கு ஏற்கெனவே ஈரப்பசை அதிகம். ஒரு கரண்டி ஆரஞ்சுச் சாறு போதும்.

பெரிய நெல்லிக்காய் அளவில், ஒவ்வொன்றும் 25 கிராம் இருக்குமாறு உருட்டினால் இருபத்தைந்து உருண்டை வரும். அவற்றைத் தட்டில் அடுக்கிக் குளிர்பெட்டியில் ஒரு மணி நேரம் வையுங்கள். உறைபனி அறையில் வைத்து மறந்துவிடாதீர்கள். மிகவும் குளிர்ந்த உருண்டையைச் சூடான சாக்லேட்டில் தோய்த்தால், மேலுறை முதலில் இறுகிவிடும். உள்ளிருக்கும் உருண்டை பிறகு சூடேறி விரிவதால் உறை வெடித்துவிடும்.

மேலுறைக்குக் காம்பவுண்ட் சாக்லேட் 250 கிராம் வேண்டும். அசல் சாக்லேட்டில் இருப்பது கொக்கோ வெண்ணெய். அதை முறைப்படி பதப்படுத்தாவிட்டால் பூத்துப்போகும், விரலிலும் ஒட்டும். காம்பவுண்டில் வேறு தாவரக் கொழுப்பைச் சேர்த்திருப்பதால் நம் ஊர் வெப்பத்தை ஓரளவு தாங்கும். சுவையில் அசலுக்கு ஈடாகாது என்பதை மறைப்பானேன்? ஒரு பாத்திரத்தில் நீரைச் சூடாக்கி, நீரைத் தொடாதவாறு அதன்மேல் கிண்ணத்தை வைத்து, அதில் துண்டுகளை இட்டு உருக்குங்கள். கிண்ணமும் கரண்டியும் உலர்ந்திருக்க வேண்டும். ஒரு சொட்டு நீர் விழுந்தாலும் சாக்லேட் திரிந்து கட்டியாகிவிடும். குழம்பு கெட்டியாக இருந்தால் மணமில்லாத எண்ணெய் ஒரு தேக்கரண்டி விட்டு இளக்கலாம், தண்ணீரோ பாலோ ஒருபோதும் கூடாது.

குச்சியின் நுனியை முதலில் சாக்லேட்டில் தொட்டு, உருண்டையின் பாதி ஆழம்வரை செருகிச் சற்று நேரம் விட்டுவையுங்கள். அந்தச் சாக்லேட் இறுகிப் பசை போலப் பிடித்துக்கொள்ளும். பிறகு நேர்கீழாக ஒரே முழுக்கு, சுழற்றக்கூடாது. எடுத்தபின் மணிக்கட்டை மெல்லத் தட்டினால் மிகுந்தது சொட்டிவிடும். ஈரம் காயுமுன் தேங்காய்த் துருவலோ, பொடியாக நறுக்கிய டூட்டி ஃப்ரூட்டியோ, வறுத்த முந்திரித் தூளோ தூவிவிடுங்கள். குச்சியை நட்டுவைக்கத் தெர்மோகோல் தேடி அலைய வேண்டியதில்லை. ஒரு துண்டு வாழைத்தண்டு போதும். அரிசி நிறைந்த படியும் ஆகும். எம் பங்கில் ஒரு சிறுமி வெள்ளைச் சாக்லேட்டில் தோய்த்தவற்றைக் குடிலின் ஆடுகளாகச் செய்து, சுருண்ட தேங்காய்த் துருவலை உரோமமாக ஒட்டி, கிராம்பால் கண் வைத்திருந்தாள். ஆடு உண்பதற்கு அழகாக இருந்தது. கிராம்பை எடுத்துவிட்டு உண்ணும்படி சொல்ல வேண்டியதாயிற்று. மழலைகளுக்குக் குச்சியோடு கொடுத்து ஓடவிடாதீர்கள். நான்கு வயதுக்கு உட்பட்டோருக்குக் குச்சியை நீக்கி, உருண்டையையும் உடைத்துக் கொடுப்பதே தக்கது.

ஆனால் எதையும் சாக்லேட்டால் மூடிவிடலாம் என்று எண்ணலாகாது. குழிந்தது, வெடித்தது, தட்டில் ஒட்டி உடைந்தது, வறண்டது, விருந்தில் மீந்தது — இவை உருட்டத் தக்கவை. நடுவில் வேகாததை மீண்டும் வேகவைக்காமல் உருட்டக்கூடாது. அதில் பச்சை முட்டையும் பச்சை மாவும் இருக்கின்றன, இரண்டுமே வயிற்றுக்குக் கேடு செய்ய வல்லவை. அந்த அம்மையார் அவித்து எடுத்தாரே, அது வெறும் சிக்கனம் அன்று, அறிவு. பூசணம் பூத்த கேக்கில் பூத்த இடத்தை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்தும் வழக்கம் தவறானது. கண்ணுக்குத் தெரியாமல் உள்ளேயும் அது பரவியிருக்கும். பாற்கிரீம் பூசிய பிறந்தநாள் கேக் இரவு முழுவதும் வெளியில் இருந்திருந்தால் அதுவும் வேண்டாம். சோடா உப்பு மிகுந்து சவர்க்காரம் போல் சுவைக்கும் கேக்கைக் காப்பாற்ற வழியில்லை. அவ்வாறானவற்றைத் தயங்காமல் விட்டுவிடுங்கள்.

விற்பனையைப் பற்றியும் ஒரு சொல். சென்ற ஆண்டு மகளிர் சுய உதவிக் குழுவினர் சிலர், விழாக்காலக் கேக்குகளில் உடைந்தவற்றை உருண்டைகளாக்கி விற்கலாமா, அது ஏமாற்று ஆகாதா என்று என்னிடம் கேட்டனர். கடன் வாங்கி மாவும் வெண்ணெயும் வாங்கியவர்கள். கிலோக் கணக்கில் உடைந்ததைத் தூக்கி எறிந்தால் முதலே போய்விடும். அன்று சுட்டு அன்று உடைந்த நல்ல கேக்கை உருட்டி விற்பது ஏமாற்று அன்று. ஆறு நாள் விற்காமல் கிடந்ததை உருட்டிப் புதிது என்று விற்பதே ஏமாற்று. எந்த நாள் சுட்டது, எதில் செய்தது, முட்டை உண்டா என்பதை ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள் என்றேன். எழுதி ஒட்டினார்கள். உடைந்த கேக்கில் செய்தது என்று கண்டும் மக்கள் வாங்கினார்கள்; கேக்கைவிட அது முன்னதாக விற்றுத் தீர்ந்தது. ஆனால் ஒன்று: வீட்டில் செய்து விற்பவரும் 2006 ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணயச் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். சிறிய அளவுதானே என்று விட்டுவிடாதீர்கள்.

முட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிட்லபாக்கத்தில் நம் அண்டை வீட்டார் பலர் புலால் உண்ணாதவர்கள். முட்டையையும் தொடாதவர்கள் அவர்களில் உண்டு. தீபாவளிக்கும் கார்த்திகைக்கும் நமக்குத் தட்டு நிறையப் பலகாரம் அனுப்புகிறவர்கள். பதிலுக்கு நாம் அனுப்பும் கேக்கை மறுக்க மனமின்றி வாங்கிக்கொண்டு, பிறகு வேலைக்காரப் பெண்ணிடம் கொடுத்துவிடுகிறார்கள். இது நமக்கும் தெரியும். நமக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். கேக்கிலாவது கண்டால் தெரியும். சாக்லேட் போர்த்திய உருண்டையில் முட்டை இருப்பதை யார் அறிவார்? ஆகவே, சொல்லாமல் கொடுக்கக்கூடாது. அவர்களுக்கென்று முட்டையில்லாக் கேக்கில் தனியாகப் பத்து உருண்டை செய்து, குச்சியில் பச்சை நூல் ஒன்று கட்டிவிடுங்கள். கெட்டியாக்கிய பாலும் தயிரும் சேர்த்துச் செய்யும் கேக் சற்று எளிதில் உதிரும். உருட்டுவதற்கு அதுவே இன்னும் தோது. எங்கள் தெருக்கோடி வீட்டுப் பாட்டியார், பச்சை நூல் கட்டிய உருண்டையைக் கையில் வாங்கி, "இது எங்களுக்குன்னு பண்ணினதா?" என்று இரண்டு முறை கேட்டாராம்.

சர்க்கரை நோயாளர்க்கு இது மருந்தாகாது. உருண்டை சிறிதுதானே என்று மூன்றை உண்பவர்கள், ஒரு துண்டுக் கேக்கை உண்டிருந்தாலும் தீங்கு குறைவாகவே இருந்திருக்கும்.

சேமித்து வைக்கும் முறை இதோ: வெண்ணெய்க் கிரீம் சேர்த்தவற்றைக் காற்றுப் புகாத டப்பாவில் இட்டுக் குளிர்பெட்டியில் நான்கைந்து நாள் வைக்கலாம்; உண்பதற்கு அரைமணி நேரம் முன்னர் எடுத்து, டப்பாவைத் திறவாமலே வெளியே வைத்தால் மேலே நீர் பூக்காது. பாகு சேர்த்த பிளம் கேக் உருண்டைகள் மழைக்காலக் குளிரில் வெளியிலேயே மூன்று நாள் கெடாமல் இருக்கும். வெளியில் வைப்பதானால், டப்பாவை ஓர் அகன்ற தட்டில் நிறுத்தி அதில் இரண்டு விரற்கடை நீர் ஊற்றிவிடுங்கள். நம் ஊர் எறும்புகள் நள்ளிரவுத் திருப்பலி முடிந்து நீங்கள் வீடு திரும்பும்வரை காத்திருப்பதில்லை.